வைக்கோலுக்கு என்ன விலை?

வணிகவியல் படிக்கிறவனுக்கு மாட்டுத் தீவனத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள். இந்த விஷயம் நம் அடக்கவிலைக் கணக்கியல் புத்தகத்தில்தான் ஆரம்பிக்கிறது!

ஒரே மூலப்பொருளிலிருந்து இரண்டு பொருள்கள் வந்தால், மதிப்பு அதிகமுள்ளதை முதன்மைப் பொருள் என்றும், கூடவே வந்து சேர்ந்ததைத் துணைப் பொருள் என்றும் பிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். சர்க்கரை ஆலையில் சர்க்கரை முதன்மைப் பொருள், கழிவுப்பாகு துணைப் பொருள். துணைப் பொருளை விற்றுக் கிடைத்ததை முதன்மைப் பொருளின் அடக்கவிலையில் கழித்துக்கொள்ளலாம். தொகை மிகச் சிறியது என்றால் 'இதர வருமானம்' என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம்.

இந்தக் கணக்கை எங்கள் வடமதுரைப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சோளம் விதைத்தால் தானியம் முதன்மைப் பொருள், தட்டை துணைப் பொருள். நிலக்கடலையில் பருப்பு முதன்மை, கொடி துணை. நெல்லில் அரிசி முதன்மை. வைக்கோல், தவிடு, உமி எல்லாம் துணை. மழை நன்றாகப் பெய்த வருடத்தில் இந்தப் பிரிவினை சரியாகத்தான் இருக்கும். கதிர் வாங்கும் நேரத்தில் மழை ஏமாற்றிவிட்ட வருடத்தில்? மணி பிடிக்காது. தட்டை மட்டும் நிற்கும். முதன்மைப் பொருள் பூஜ்யம், துணைப் பொருள் மட்டுமே வரவு! அந்தத் தட்டையை வைத்துத்தான் வீட்டு மாடு அடுத்த மழை வரை உயிரோடு இருக்கும். அந்தப் பாலில்தான் வீட்டுச் செலவும் நடக்கும்.

ஆகவே அந்தத் தட்டைக்கு உண்மையில் என்ன மதிப்பு என்பது சின்னக் கேள்வி இல்லை. மாடு தின்றதில் எவ்வளவு அதன் உடம்பில் ஒட்டுகிறது, எவ்வளவு சாணமாக வெளியே போகிறது? இதைத்தான் செரிமானத்தன்மை என்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்கு விடை தேடி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இனி பார்க்கப் போகிறோம்.

மாட்டு வயிற்றுக்குள் இருப்பது யார்?

வைக்கோலும் அரிசியும் ஒரே சர்க்கரையால் ஆனவை என்றால் நம்புவீர்களா? அரிசியில் உள்ள மாவுச்சத்தும் சரி, வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் சரி, குளுக்கோஸ் கண்ணிகளைக் கோத்துச் செய்த சங்கிலிகள்தான். கோத்திருக்கும் விதம்தான் வேறு. மாவுச்சத்தின் கோப்பை அவிழ்க்கும் நொதி நம் எச்சிலிலேயே இருக்கிறது. செல்லுலோஸை அவிழ்க்கும் நொதி நமக்குக் கிடையாது. மாட்டின் உடம்பிலும் சுரப்பது கிடையாது! அப்படியானால் மாடு எப்படி வைக்கோலைத் தின்று வாழ்கிறது?

1843-ஆம் ஆண்டு பிரான்சில் க்ரூபி, டெலாஃபோன் என்ற இருவர் அசைபோடும் விலங்குகளின் பெருவயிற்றுச் சாற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எண்ணற்ற சிறு உயிர்கள் அதில் நீந்திக்கொண்டிருந்தன. அவை அங்கே என்ன செய்கின்றன என்பது தெரிய இன்னும் நாற்பது வருடம் ஆயிற்று. 1884-இல் ஜெர்மனியின் டாப்பைனர், பெருவயிற்றில் செல்லுலோஸ் புளித்து அமிலங்களாக மாறுகிறது என்று காட்டினார். அந்த அமிலங்கள் பெருவயிற்றின் சுவர் வழியாகவே நேரே இரத்தத்தில் கலந்து மாட்டுக்குச் சக்தி தருகின்றன என்பதை 1944-இல்தான் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பார்க்ராஃப்ட் குழுவினர் உறுதியாக நிறுவினார்கள்.

அதாவது நாம் மாட்டுக்குத் தீவனம் போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் போடுவது மாட்டு வயிற்றிலுள்ள கோடானுகோடி நுண்ணுயிர்களுக்கு. அவை வைக்கோலைப் புளிக்க வைத்து விடும் அமிலத்தில் மாடு வாழ்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களே அடுத்த வயிறுகளுக்குப் போய்ச் செரிமானமாகி மாட்டுக்குப் புரதமும் ஆகின்றன. என்ன ஒரு கூட்டு வியாபாரம் பாருங்கள்!

ஆனால் இந்த வியாபாரத்துக்கு இரண்டு தடைகள் உண்டு. முதல் தடை லிக்னின். பயிர் முற்ற முற்ற, செங்கல்லுக்கு நடுவே சிமெண்ட் போல லிக்னின் செல்லுலோஸைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. நுண்ணுயிர்களால் அதைத் தாண்ட முடிவதில்லை. நெல் வைக்கோலில் இதோடு மணல் சத்தான சிலிக்காவும் அதிகம். மற்ற தானியப் பயிர்களில் இலைதான் தண்டைவிட நன்றாகச் செரிக்கும். நெல் வைக்கோலில் மட்டும் இது தலைகீழ், இலையில் சிலிக்கா கூடுதல் என்பதால் தண்டே மேல்.

இரண்டாவது தடை நைட்ரஜன் பஞ்சம். நுண்ணுயிர்கள் பெருக வேண்டுமானால் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் இருக்க வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பது 3, 4 சதவீதம்தான். நுண்ணுயிர்கள் குறைந்தால் வைக்கோல் வயிற்றுக்குள் நாள்கணக்கில் தங்கிவிடுகிறது. வயிறு காலியாகாததால் மாடு அடுத்த வாய் தின்பதில்லை. வயிறு நிறைந்தும் மாடு மெலிவது இதனால்தான்.

நம் ஊர் வீடுகளில் கழுநீர்த் தொட்டியில் கொஞ்சம் புண்ணாக்கும் தவிடும் கரைத்து வைப்பதையும், தட்டையோடு கடலைக்கொடியைக் கலந்து போடுவதையும் பார்த்திருப்பீர்கள். கடலைக்கொடியில் வைக்கோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் புரதம் உண்டு. அந்தக் கைப்பிடிப் புண்ணாக்கு மாட்டுக்கு மட்டும் சத்து அல்ல. கூடவே போடும் தட்டையைச் செரிக்க வைக்கும் கூலியும் அதுதான். காரணம் தெரியாமலே சரியாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

தராசும் சாணமும்

செரிமானத்தன்மையை முதலில் முறையாக அளந்தவர்கள் ஜெர்மானியர்கள். கோட்டிங்கன் நகருக்கு அருகே வீண்டே என்ற ஊரில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்னபெர்க், ஸ்டோமான் என்ற இரு வேதியியலாளர்கள் 1860-களில் ஒரு முறையை உண்டாக்கினார்கள். முறை மிக எளிது, நம் வரவு செலவுக் கணக்கு மாதிரி. மாடு தின்றதை உலர்ந்த எடையில் நிறுத்து எழுது. சாணத்தை ஒரு துளி விடாமல் சேகரித்து உலர்த்தி நிறுத்து எழுது. 10 கிலோ தின்று 5.5 கிலோ வெளியே வந்தால் உள்ளே நின்றது 4.5 கிலோ. செரிமானத்தன்மை 45 சதவீதம். வைக்கோலுக்கு உண்மையிலேயே ஏறக்குறைய இந்த அளவுதான் வரும். தானியத்துக்கு 80 சதவீதத்தைத் தாண்டும்.

புரதம், கொழுப்பு, நார், சாம்பல் என்று தீவனத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கமும் வீண்டேயிலிருந்து வந்ததுதான். இன்றைக்குக் கடையில் வாங்கும் கலப்புத் தீவன மூட்டையின் சீட்டில் கச்சாப் புரதம், கச்சா நார் என்று அச்சடித்திருப்பது அந்த முறையின் மிச்சம்.

அடுத்து வந்தவர் ஆஸ்கர் கெல்னர். டோக்கியோவில் சில வருடங்கள் பேராசிரியராக இருந்துவிட்டு, லைப்ஸிக் அருகே மோக்கெர்ன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை ஏற்றவர். அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. செரித்தது எல்லாம் லாபமா? தானியத்திலிருந்து செரித்த ஒரு கிலோவும் வைக்கோலிலிருந்து செரித்த ஒரு கிலோவும் மாட்டின் உடம்பில் ஒரே அளவு கொழுப்பாகச் சேருமா? சோதித்துப் பார்த்தால் சேரவில்லை. வைக்கோல் பக்கம் மிகக் குறைவு. வைக்கோலை மெல்வதற்கும் அசைபோடுவதற்கும் புளிக்க வைப்பதற்கும் ஆகும் செலவு, வந்த சத்தில் பெரும் பகுதியைத் தின்றுவிடுகிறது. மொத்த லாபம் வேறு, நிகர லாபம் வேறு என்று நமக்கு முதல் பருவத்தில் சொல்லித் தந்ததை அவர் மாட்டின் வயிற்றில் கண்டுபிடித்தார்! இதை வைத்து ஒவ்வொரு தீவனத்தையும் இத்தனை மாவுச்சத்துக்குச் சமம் என்று மதிப்பிட்டார். 1905-இல் வந்த அவருடைய புத்தகம் பல நாடுகளில் கால்நடைத் தீவனக் கணக்குக்கு அடிப்படை ஆனது.

போர்க்காலத்து வைக்கோல்

முதல் உலகப் போரில் பிரிட்டனின் கடற்படை ஜெர்மனியைச் சுற்றி வளைத்தது. வெளியிலிருந்து தானியமும் புண்ணாக்கும் வருவது நின்றது. மனிதருக்கே உணவில்லாத நிலையில் கால்நடைக்குத் தானியம் எங்கே போவது? மிச்சம் இருந்தது வைக்கோல் மட்டுமே.

அப்போது பெர்லினில் இருந்த எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற புகழ்பெற்ற வேதியியலாளர் இதைக் கையில் எடுத்தார். வைக்கோலை ஏறக்குறைய ஒன்றரை சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, பிறகு தண்ணீரில் நன்றாக அலசி ஈரத்தோடு மாட்டுக்குப் போடுவது அவருடைய முறை. காரம் லிக்னின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. 45 சதவீதம் செரித்த வைக்கோல் 70 சதவீதத்தை நெருங்கியது. நல்ல புல்லுக்குச் சமம்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நார்வே நாட்டு விவசாயிகள் இதே முறையைப் பெரிய அளவில் பின்பற்றினார்கள், போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் விடவில்லை.

குறை என்ன? தண்ணீர். ஊறவைக்கவும் அலசவும் வைக்கோலின் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். அலசிய காரத்தண்ணீர் ஓடைகளைக் கெடுத்தது. அலசும்போது வைக்கோலில் இருந்த கொஞ்ச நஞ்சச் சத்தும் கரைந்து போனது. பனியும் மழையும் உள்ள நார்வேயில் தாங்கியது. ஆழ்துளைக் கிணறு வற்றிக் கிடக்கும் வேடசந்தூர் வட்டாரத்தில் இதை யாரிடம் சொல்ல முடியும்?

நம் நாட்டில்...

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அன்றைக்குத் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. மனிதர்கள் லட்சக்கணக்கில் இறந்த அந்தப் பஞ்சத்தில் கால்நடைகளும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. கூரையில் வேய்ந்திருந்த பழைய வைக்கோலை உருவி மாட்டுக்குப் போட்டார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்த அந்த வைக்கோலில் என்ன சத்து இருந்திருக்கும்? ஆனாலும் போட்டார்கள். அடுத்த வருடம் மழை பெய்தால் ஏர் பூட்ட மாடு வேண்டுமே! மாடு செத்துவிட்டால் மழை வந்தும் பயனில்லை.

விஞ்ஞான முறையில் நம் நாட்டுத் தீவனங்களை அளக்கும் வேலை 1920-களில் பெங்களூரில் வேகம் பிடித்தது. அங்கே இருந்த இம்பீரியல் கால்நடை பால்பண்ணை நிறுவனத்தில் எஃப். ஜே. வார்த் என்ற வேதியியலாளர் நம் நாட்டு மாடுகளை வைத்தே செரிமானச் சோதனைகள் நடத்தினார். (1927-இல் பெங்களூரில் ஓய்வெடுத்த காந்தியடிகள் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொள்ள வந்துபோனதும் இதே நிறுவனத்துக்குத்தான்.) லின்லித்கோ பிரபு தலைமையிலான வேளாண்மைக்கான ராயல் கமிஷன் 1928-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1929-இல் இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் உருவானது. பிறகு தீவன ஆராய்ச்சியின் மையம் வடக்கே பரேலி அருகிலுள்ள இஸாத்நகருக்கு மாறியது.

இஸாத்நகரில் கே. சி. சென் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் இந்தியத் தீவனங்களை ஒவ்வொன்றாக அளந்து பட்டியல் போட்டார்கள். ஜெர்மன் பட்டியலை அப்படியே நம் ஊருக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்பது இதனால் தெளிவானது. அவர்கள் ஊர் வைக்கோல் கோதுமையும் ரையும், நம் தென்னாட்டு வைக்கோல் நெல். நெல் வைக்கோலில் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதையும் இவர்கள் விரிவாக ஆராய்ந்தார்கள். வைக்கோல் மட்டுமே தின்னும் மாட்டுக்கு எலும்பு பலவீனம் ஆவதற்கு இது ஒரு காரணம். பெக்மனின் காஸ்டிக் சோடா முறையை நம் நாட்டு வைக்கோலில் சோதித்து 1942-இல் முடிவு வெளியிட்டதும் இவர்கள்தான். செரிமானம் கூடியது உண்மை. ஆனால் சோடா வாங்க நம் விவசாயியிடம் காசு எங்கே இருந்தது?

குட்டைப் பயிர் வந்தது

1960-களில் பசுமைப் புரட்சி வந்தது. 1964-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச்.-1 வெளியானது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வந்தது. இரண்டுக்கும் பொதுவான குணம் குட்டை. உரம் போட்டால் சாயாது, சத்தெல்லாம் கதிருக்குப் போகும். பழைய உயர்ந்த நெல் ரகங்கள் ஒரு பங்கு தானியத்துக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு வைக்கோல் தந்தன. புதிய ரகங்களில் அது சரிக்குச் சரி ஆகிவிட்டது.

நாட்டுக்குச் சோறு கிடைத்தது, அதை யாரும் மறுக்க முடியாது. நெல்லில் மகசூலே பெருகியதால் வைக்கோலின் மொத்த அளவும் பெரிதாக அடிபடவில்லை. மானாவாரிச் சோளத்தில் கதை வேறு. நிறைய விவசாயிகள் உயரமான நாட்டுச் சோளத்தை விட மறுத்தார்கள். அதிக விளைச்சல் தரும் விதையை வேண்டாம் என்கிறார்களே, இவர்களுக்கு விவரம் போதாது என்று அன்றைக்குப் பலர் நினைத்தார்கள்.

அவர்கள் மறுத்ததற்குக் காரணம் இருந்தது. விதை ஆராய்ச்சி நிலையம் தானியத்தை மட்டும் எடை போட்டது. விவசாயி தானியம், தட்டை இரண்டையும் எடை போட்டார். தானிய விலை இறங்கும் வருடத்தில் தட்டை விலை ஏறும். மழை பொய்க்கும் வருடத்தில் தட்டைதான் மிஞ்சும். இடர் மேலாண்மை என்று நாம் பெரிய பெயர் வைத்துப் படிக்கிறோமே, அதைத்தான் அவர்கள் விதைப் பெட்டியில் செய்துகொண்டிருந்தார்கள்.

யூரியா வைக்கோல்: ஜெயித்த ஆராய்ச்சி, தோற்ற திட்டம்

காஸ்டிக் சோடாவுக்கு மாற்றாக 1970-களிலும் 80-களிலும் ஒரு நல்ல வழி கிடைத்தது. அதுதான் யூரியா. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, அழுத்திப் போர்த்தி, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைக்க வேண்டும். யூரியா அம்மோனியாவாக மாறி வைக்கோலின் இறுக்கத்தைத் தளர்த்தும். கூடவே நைட்ரஜனும் சேரும். மேலே சொன்ன இரண்டு தடைகளுக்கும் ஒரே மருந்து! 45 சதவீதச் செரிமானம் ஏறக்குறைய 55-க்கு ஏறும். புரத அளவு 7, 8 சதவீதம் ஆகும். அலசத் தேவையில்லை. (யாரும் படித்துவிட்டு அப்படியே செய்துபார்க்க வேண்டாம். யூரியா அளவு மீறினால் மாடு செத்துப்போகும். இளங்கன்றுகளுக்குக் கொடுக்கவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.)

1980-களில் இலங்கையில் வைக்கோல் பயன்பாட்டுத் திட்டம் என்றே ஒன்று நடந்தது. இந்தியாவில் நெதர்லாந்து நாட்டின் உதவியோடு பயிர்க் கழிவுகளை மேம்படுத்தும் பெரிய ஆராய்ச்சித் திட்டம் 1990-களின் நடுப்பகுதி வரை நடந்தது. கிராமம் கிராமமாகச் செய்து காட்டினார்கள். மாடுகள் விரும்பித் தின்றன. பால் கூடியது. திட்டக்காரர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். பெரும்பாலான விவசாயிகள் நிறுத்திவிட்டார்கள்!

ஏன்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூரியா விலை பிரச்சினை அல்ல, மானிய விலையில் 4 கிலோ பெரிய செலவில்லை. மற்ற செலவுகளைப் பாருங்கள். 100 கிலோவுக்கு ஐம்பது லிட்டர் அளவில் தண்ணீர் வேண்டும், அதுவும் கோடைக்கு முன்பு. மூடுவதற்குத் தார்ப்பாய் வேண்டும். மிதித்துப் போர் போட ஆள் வேண்டும். அறுவடை நேரத்தில் ஆள் எங்கே கிடைக்கும்? மூன்று வாரம் முன்னதாகவே திட்டமிட வேண்டும். இத்தனை செய்து கிடைக்கும் கூடுதல் பாலை விற்றால் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். அந்தத் திட்டத்தின் விஞ்ஞானிகளே கடைசியில் நேர்மையாகச் சொன்னது இதுதான்: வைக்கோல் ஏராளமாகவும் மலிவாகவும், தண்ணீர் கையருகிலும், பசுந்தீவனம் அரிதாகவும், மாடு நடுத்தரப் பால் தருவதாகவும் இருக்கும் இடத்தில்தான் இந்த முறை கட்டுப்படியாகும்.

இதில் எனக்குத் தோன்றும் இன்னொன்றும் உண்டு. நன்றாகச் செரிக்கும் தீவனத்தை மாடு அதிகமாகத் தின்னும். டெல்டாவில் படப்பு பெரியது, தின்றால் தின்னட்டும். எங்கள் பக்கம் வைக்கோல் லாரியில் வருகிற பொருள். இருக்கிற படப்பு ஆடி வரை தாங்குமா, ஐப்பசி வரை தாங்குமா என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில், மாடு கூடுதலாகத் தின்பது லாபமா? படப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் அல்லவா! ஆராய்ச்சி நிலையம் ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் கிடைக்கும் சத்தைக் கணக்கிட்டது. வறண்ட பூமி விவசாயி கணக்கிட்டது எத்தனை நாளைக்கு மாட்டைக் காப்பாற்றலாம் என்பதை. இரண்டு கணக்கும் சரிதான். கேள்விதான் வேறு.

சந்தை சொன்ன விடை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி கடைசியில் வருகிறது. ஹைதராபாத் அருகே படான்செருவில் சர்வதேச ஆராய்ச்சி நிறுவனங்களில் பணியாற்றிய மைக்கேல் ப்ளூமெல், பார்த்தசாரதி ராவ் ஆகியோர் 2000-களின் நடுவில் ஒரு வேலை செய்தார்கள். ஹைதராபாத் நகரத்துப் பால் மாடுகளுக்காகச் சோளத்தட்டை விற்கும் வியாபாரிகளிடம் போனார்கள். தட்டை என்ன விலைக்குப் போகிறது என்று எழுதிக்கொண்டார்கள். மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து செரிமானத்தன்மையை அளந்தார்கள்.

குறைந்த விலைத் தட்டையின் செரிமானம் 47 சதவீதம் அளவில் இருந்தது. உயர்ந்த விலைத் தட்டைக்கு 52 சதவீதம் அளவில். ஐந்தே புள்ளி வித்தியாசம்! அதற்கு வாங்குபவர்கள் 25 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் ஆய்வகம் இல்லை. நிறம் பார்ப்பார்கள், இலை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள், தண்டு மெல்லியதா தடியா, இனிப்பா சப்பையா என்று பார்ப்பார்கள். வீண்டேயில் தராசு வைத்துச் சாணத்தை நிறுத்த வேலையை, சந்தை கண்ணாலும் கையாலும் நாக்காலும் செய்துவந்திருக்கிறது.

எங்கள் பக்கத்திலும் தட்டை வாங்கப் போகிறவர்கள் சும்மா கட்டு எண்ணி வாங்குவதில்லை. ஒரு தட்டையை உருவி ஒடித்துப் பார்ப்பார்கள். நுனியைக் கடித்துப் பார்ப்பார்கள். மழையில் நனைந்து கறுத்ததா, பச்சை மாறாமல் காய்ந்ததா என்று முகர்ந்து பார்ப்பார்கள். அறிவியல் வார்த்தையில் சொன்னால் அது செரிமானச் சோதனை. வணிகவியல் வார்த்தையில் சொன்னால் விலை கண்டறிதல்!

இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பிறகு விதை ஆராய்ச்சியின் போக்கும் மாறியது. தானியம், தட்டை இரண்டையும் பார்த்து ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கருத்துக்கு மரியாதை கிடைத்தது. ஒரே தானிய விளைச்சல் தரும் இரண்டு ரகங்களில் ஒன்றின் தட்டை ஐந்து புள்ளி கூடுதலாகச் செரிக்கும் என்றால், அந்த விதையைக் கொடுத்தாலே போதும். விவசாயிக்கு யூரியா வேண்டாம், தார்ப்பாய் வேண்டாம், கூடுதல் ஆள் வேண்டாம். லாபம் விதைக்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாக...

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாடுகள் சுமார் 19 கோடி, எருமைகள் சுமார் 11 கோடி. இவற்றின் வயிற்றை நிரப்புவதில் பெரும் பங்கு வைக்கோலுக்கும் தட்டைக்கும்தான். வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு வரும் ஆடுகளுக்குப் பின்னாலும், மணப்பாறைச் சந்தைக்கு வரும் மாடுகளுக்குப் பின்னாலும் எங்கேயோ ஒரு கடலைக்கொடிப் படப்பு இருக்கிறது. ஆனால் இன்றைக்கும் ஒரு பயிரின் லாப நட்டத்தை எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் தட்டையைத் தனி வரவாக எழுதுவோம்?

இரண்டு விஷயங்கள் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. ஒன்று, எங்கள் வட்டாரத்தில் சோளம் குறைந்து மக்காச்சோளம் பெருகிவருகிறது. மணி கோழித் தீவனத்துக்குப் போகிறது, நல்ல விலை. தடித்த தட்டையை நறுக்காமல் போட்டால் மாடு பாதியை ஒதுக்கிவிடுகிறது. நறுக்கும் இயந்திரம் இல்லாதவர்கள் காட்டிலேயே கொளுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு, நெல் அறுவடை இயந்திரத்துக்கு மாறிய பிறகு வைக்கோல் துண்டு துண்டாகிச் சிதறுகிறது. சுருட்டிக் கட்ட இன்னொரு இயந்திரத்துக்கு வாடகை தர வேண்டும். அந்த வாடகை கட்டுப்படியாகாத இடத்தில் வைக்கோல் வயலோடு போகிறது. முதன்மைப் பொருளுக்குக் கிடைத்த வசதி துணைப் பொருளின் செலவாக வந்து நிற்கிறது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

ஒரு தட்டை நறுக்கும் இயந்திரத்தை நாலு வீடு சேர்ந்து வாங்கினால், வீணாகும் தீவனத்தில் நிறையவே மிச்சப்படுத்தலாம். கடலைக்கொடியை மழையில் நனைய விடாமல் போர் போட்டால், வைக்கோலின் செரிமானத்துக்கு வேண்டிய நைட்ரஜன் காசில்லாமல் கிடைக்கும். ஜெர்மனியும் பெங்களூரும் இஸாத்நகரும் நூறு வருடம் தேடியதில் நம் காட்டுக்கு ஒத்துவருவது இந்த எளிய வழிகள்தான்.

துணைப் பொருள் என்ற சொல்லை உண்டாக்கியவர் ஆலையைப் பார்த்து உண்டாக்கினார். ஆலையில் சர்க்கரை வராத வருடம் கழிவுப்பாகும் வராது. காட்டில் அப்படி இல்லை. தானியம் வராத வருடத்திலும் தட்டை வரும். அடுத்த முறை அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் இந்தப் பாடம் வரும்போது ஆசிரியரிடம் இதைக் கேட்கலாம் என்று இருக்கிறேன். கூட நிற்க யார் தயார்?

உங்கள் ஊரில் வைக்கோலையும் தட்டையையும் எப்படித் தரம் பார்த்து வாங்குவார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன். மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.